சுவாமிக்கு எடுத்த மூன்றிலைப் பூ

ஏப்ரல் 6, 2025. ஞாயிறு

பக்கத்து வீட்டு றோஸ்மலர் பின்வளவுக் கேட்டின் சாவியைக் கொண்டுவந்து தந்தாள். ஈஸ்டருக்கு ரொறன்ரோவில் தமக்கை வீட்டுக்குப் போகிறாள். இருபது வருடம் கனடாவில் இருந்துவிட்டு லண்டனில் இந்த ரெய்னர்ஸ் லேனுக்கு வந்தவள்; ஆள்தான் வந்திருக்கிறாள், மனம் இன்னும் அங்கேதான். வளவு முழுக்க அந்த நாட்டுக் காட்டுச் செடிகள். போன வருடத்துக் காய்ந்த தடிகள் இப்போதும் இடுப்பளவு உயரத்துக்கு நிற்கின்றன.

"உதுகளை வெட்டி விடட்டே?" என்று கேட்டேன்.

"ஐயோ வேண்டாம் அண்ணை! அந்தத் தடியளுக்குள்ள சின்னத் தேனீக்கள் படுத்திருக்கு. மழை பெய்யாட்டில் மட்டும் தண்ணி விடுங்கோ. வேற ஒண்டிலையும் கை வைக்காதேங்கோ."

தேனீக்கு விடுதி நடத்துகிறாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு சாவியை வாங்கினேன். பிறகு ஏதோ ஒரு மொட்டைப் பற்றிச் சொன்னாள். விரிந்தால் படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம். ஓம் ஓம் என்று தலையாட்டினேன். எந்த மூலை, என்ன மொட்டு என்றும் சொல்லியிருப்பாள். அந்த நேரம் பார்த்து மனைவி ஜெகதீஸ்வரி, தோசை ஆறுகிறது என்று உள்ளேயிருந்து கூப்பிட்டாள். என் காது அங்கே போய்விட்டது.

ஏப்ரல் 9. புதன்

பூக்கூடையோடு திரும்பி வந்தவனை மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"இஞ்சாருங்கோ, முன்வீட்டு மனுசி யன்னலுக்கால பார்த்துக்கொண்டு நிண்டவ. ஒருநாளைக்கு ஆரும் பொலிசைக் கூப்பிடத்தான் போகினம்."

மதிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கொப்பில் நாலு கமீலியா. அதற்குப் பொலிசா? சுவாமிக்கு எடுக்கிற பூ களவில் சேராது. கோயிலில் வெள்ளிக்கிழமைப் பேச்சில் இதை எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! பிள்ளைகளெல்லாம் கேட்டுத் தலையாட்டுகிறார்கள். சொந்த மனைவிக்கு மட்டும் ஏறுவதில்லை.

ஏப்ரல் 14. திங்கள். வருடப்பிறப்பு

எவ்வளவு அருமையான நாள்! வருடப்பிறப்பும் திங்கட்கிழமையும் சேர்ந்து வந்திருக்கிறது. விடியவே றோஸ்மலரின் வளவுக்குத் தண்ணீர் விடப் போனேன். அப்பிள் மரத்தின் அடியில், நிழலில், ஒற்றைத் தண்டில் மூன்று இலை. ஒரே மட்டத்தில் விரிந்து, அசல் வில்வம் போல. நடுவில் ஒரு வெள்ளைப் பூ, அதற்கும் மூன்றே இதழ். கொஞ்ச நேரம் தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். சிவனே, இந்தக் குளிர் நாட்டில், சிலுவை கும்பிடுகிற வேதக்காரர் வளவில், எனக்காக முளைத்து நிற்கிறாயா என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

வில்வத்தில் இலைதானே முக்கியம். ஆகவே இலையோடு சேர்த்து, தண்டை அடியிலேயே கிள்ளினேன். இலிங்கத்தின் மேல் வைத்ததும் சாமி அறையே வெளித்தது. படம் எடுத்துக் கோயில் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பாலேந்திரா உடனே எழுதினார்: "சண்முகராசா அண்ணை, லண்டனில் வில்வமோ? நீங்கள் குடுத்து வைச்சனீங்கள்." தேடுகிறவனுக்குக் கிடைக்கும் என்று பதில் போட்டேன்.

ஏப்ரல் 16. புதன்

றோஸ்மலர் ரொறன்ரோவிலிருந்து ஃபோன் எடுத்தாள். பின்னால் ஒரே சிரிப்பும் சத்தமும்.

"அண்ணை, அப்பிள் மரத்தடியில மூண்டு இலைக்கு நடுவில ஒரு மொட்டு நிண்டதெல்லே? விரிஞ்சிட்டுதே? ட்ரில்லியம் எண்டுறது. இஞ்சை காடெல்லாம் இப்பதான் பூக்கப்போகுது. அக்காவுக்கு என்ரை பூவைக் காட்டவேணும்."

ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"விதை போட்டு ஏழு வருசம் அண்ணை. முதல் ரண்டு வருசமும் மண்ணுக்கு மேல ஒண்டுமே தெரியாது. பிறகு ஒரு இலை. பேந்து மூண்டு இலை. இதுதான் முதல் பூ."

"இன்னும் விரியேல்லை" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? வாய் தானாகவே சொல்லிவிட்டது.

"பறவாயில்லை, மெல்ல விரியட்டும். தண்ணி விடேக்கை மட்டும் பார்த்து விடுங்கோ. அந்த மூண்டு இலைதான் அதுக்கு வருசம் முழுக்கச் சாப்பாடு. அது போனால் இந்த வருசம் வேற இலை வராது."

ஃபோனை வைத்துவிட்டுச் சாமி அறைக்குப் போனேன். நேற்றைக்குக் கழித்த பூக்களோடு அது வாளிக்குள் கிடந்தது.

ஏப்ரல் 18. பெரிய வெள்ளி

இன்று செய்ததை எழுத வெட்கமாயிருக்கிறது. வாடிப்போன அந்தத் தண்டை வாளியிலிருந்து எடுத்துக்கொண்டுபோய், இருந்த இடத்திலேயே மண்ணில் குத்தி வைத்தேன். அறுபத்தாறு வயது. விழுந்துவிட்டது. இன்னொரு குச்சியை முட்டுக் கொடுத்து நிமிர்த்திப் பார்த்தேன். மறுபடியும் விழுந்தது. யாராவது மாடி யன்னலிலிருந்து பார்த்தார்களோ தெரியாது.

ஏப்ரல் 22. செவ்வாய்

சனிக்கிழமை அவள் வருகிறாள். என்ன சொல்வது? தண்டு கிள்ளின இடம் நகத்தால் கிள்ளினது என்று அப்படியே தெரிகிறது.

நரி.

எங்கள் தெருவில் நரி இல்லாத வளவு கிடையாது. போன கிழமையும் என் வெங்காயப் பாத்தியைக் கிளறிவிட்டுப் போனது. ஆகவே நான் போய்க் குந்தியிருந்து, இரண்டு கையாலும், நரி கிளறுவது போலவே, அந்த அப்பிள் மரத்தடி மண்ணைக் கிளறினேன். மண்ணுக்குள் இருக்கிற கிழங்கில் கை படாமல் சுற்றிவரத்தான் கிளறினேன். அவ்வளவு கவனம்! அந்தக் கவனம் பூவைக் கிள்ளுகிறபோது எங்கே போயிருந்தது?

சிவபூசைக்காரன். நாலு காலில் நின்று நரி வேலை பார்க்கிறான்.

ஏப்ரல் 26. சனி

வந்துவிட்டாள். ஜெகதீஸ்வரிக்கு ஒரு கம்பளிச் சால்வை, எனக்கு மேப்பிள் பாணி ஒரு போத்தல். பயணப் பெட்டியைக்கூடத் திறக்காமல் வளவுக்குப் போனாள். நான் அடுப்படி யன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன். அவள் குனிந்ததும் தெரிந்தது, நிமிர நேரமெடுத்ததும் தெரிந்தது.

பிறகு வேலியடிக்கு வந்தாள். "அண்ணை, அது..."

"நரி" என்றேன். "முந்தநாள் பார்த்தனான். உங்களுக்குச் சொல்ல மனம் வரேல்லை."

"கிழங்கையும் கொண்டுபோட்டுது போல." கண் கலங்கியிருந்தது. அதோடு அவள் சொன்னதுதான் என்னைக் கொல்கிறது: "நீங்கள் என்ன செய்வியள் அண்ணை. விடிய விடியக் காவல் இருக்க ஏலுமே? மனதிலை வைச்சிருக்காதேங்கோ."

அவள் எனக்கு ஆறுதல் சொல்கிறாள். எனக்கு!

ஏப்ரல் 28. திங்கள்

பூசையில் மனம் நிற்கவில்லை. கண்ணை மூடினால் மண் நிறைந்த என் கைகள்.

மே 2. வெள்ளி

வெஸ்ட் ஈலிங் கோயிலில் இன்று என் பேச்சு. பாலேந்திரா தலைப்பைத் தானே முடிவுசெய்து வைத்திருந்தார்: பூசைக்குரிய மலர்கள். "அந்த வில்வத்தைப் பற்றியும் சொல்லுங்கோ அண்ணை. எங்கை எடுத்தனியள் எண்டு சனம் கேக்குது."

தொண்டை கட்டிப்போச்சு என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். சுடுதண்ணீர் கொண்டுவந்து தந்தார்கள். அதையும் குடித்தேன்.

வரும் வழியில் ரயிலில் ஜெகதீஸ்வரி கேட்டாள்: "தொண்டைக்கு என்ன?"

"ஒண்டுமில்லை."

"நரியின்ரை நகத்துக்குள்ள மண் கிடக்கும். உங்கட நகத்துக்குள்ள ஏன் கிடந்தது?"

பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாமல் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். எல்லாம் தெரிந்துதான் இத்தனை நாளும் பேசாமல் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். "நான் போய்ச் சொல்லமாட்டன்" என்றாள். "அது உங்கட வேலை."

மே 9. வெள்ளி

றோஸ்மலர் வேலிக்கு மேலால் சொன்னாள், சாதாரணமாக, துணி காயப்போட்டபடி:

"அந்த மூலை நரி போற பாதையெண்டால் இனி அதிலை ஒண்டும் வைச்சுப் பிரயோசனமில்லை அண்ணை. ஞாயிற்றுக்கிழமை மருமகன் றமணன் வாறார். வெட்டிக் கிளறிக் கல்லுப் பதிச்சு, ஷெட்டை அங்கை மாத்தப்போறம்."

கிழங்கு உயிரோடு இருக்கிறது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். இந்த வருடம் பட்டினி கிடந்தாலும் வருகிற வருடம் எழும்பக்கூடும் என்று இணையத்தில் வாசித்து வைத்திருக்கிறேன். அதற்கு மேல்தான் கல் வரப்போகிறது. பூவைப் பிடுங்கினது அறியாமல். மண்ணைக் கிளறினது பயத்தில். இப்போது வாயைத் திறக்காமல் இருந்தால் அதற்கு என்ன பெயர்?

மே 10. சனி

இன்று சொல்லலாம் என்றிருந்தேன். அவள் வீட்டுக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். அது சாட்டு. ஆட்கள் வந்து போன பிறகும் நான் போகவில்லை.

மே 11. ஞாயிறு

றமணனின் வான் வண்டிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. கல் இறக்குகிறார்கள். நான் பூசையில் இருந்தேன். மணியைக் கையில் பிடித்தபடி அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். மண்வெட்டி ஒருதரம் மண்ணில் இறங்கியது கேட்டது. மணியைப் போட்டுவிட்டு, சாரத்தோடு, வெறுங்காலோடு ஓடினேன்.

"தம்பி, நில்லும்! வெட்டாதையும்! கிழங்கு உள்ளுக்குக் கிடக்கு."

றமணன் மண்வெட்டியைத் தூக்கியபடி நின்றான். றோஸ்மலர் தேத்தண்ணிக் கோப்பையோடு அடுப்படி வாசலில் நின்றாள். "நரி கொண்டுபோட்டுதெல்லே அண்ணை?"

"நரி இல்லை. நான்."

சொல்லத் தொடங்கினதை நிறுத்த முடியவில்லை.

"பூவைப் பிடுங்கினது நான். பேந்து நரி எண்டு நீங்கள் நினைக்கவேணும் எண்டு மண்ணைக் கிளறினதும் நான்தான். கிழங்கிலை கை படேல்லை. அது இருக்கு, சத்தியமா இருக்கு."

கோப்பையைப் படியில் வைத்துவிட்டு வந்தாள். மருமகனை ஒதுங்கச் சொல்லி, முழங்காலில் இருந்து, விரலால் மண்ணை விலக்கினாள். பிள்ளையின் தலையில் பேன் பார்க்கிற மாதிரி அவ்வளவு மெதுவாக. சின்னக் கிழங்கும் வெள்ளை வேர்களும் தெரிந்தன. பார்த்துவிட்டு உடனேயே மூடினாள். என் பக்கம் திரும்பவில்லை.

"ஏன் அண்ணை?"

மடியில் செருகியிருந்த ஃபோனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினேன். "நீங்கள் படம் கேட்டனீங்கள். இது ஒண்டுதான் கிடக்கு."

வாங்கினாள். மண் விரல்களாலேயே படத்தைப் பெரிதாக்கினாள். இலிங்கத்தின் மேல் மூன்று இலை, வெள்ளைப் பூ, பின்னால் என் திருநீற்றுத் தட்டம். இலையை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், பிறகு இதழ்களை. நான் தலையைக் குனிந்துகொண்டு என் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வடிவாய்த்தான் பூத்திருக்கு" என்றாள்.

ஃபோனைத் திருப்பித் தந்தாள். "சாவியைக் கொண்டுவந்து தாங்கோ அண்ணை."

அப்போதும் அண்ணை என்றுதான் சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மே 12. திங்கள்

றமணன் கற்களைத் திரும்ப வானில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். நேற்று எழுதாமல் விட்ட ஒன்று: என்னைக் கடந்து போகும்போது அந்தப் பிள்ளை சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவன் தன் மனைவிக்குச் சொல்லியிருப்பான். அவள் தன் சிநேகிதிகளுக்குச் சொல்லியிருப்பாள். சொல்லட்டும்.

மே 16. வெள்ளி

கோயில் குழுவில் எழுதினேன்: "வருடப்பிறப்பன்று நான் போட்டது வில்வம் அல்ல. பக்கத்து வீட்டார் ஏழு வருடம் வளர்த்த செடி. கேட்காமல் பிடுங்கினேன். சுவாமிக்கு எடுப்பது களவு இல்லை என்று நான் இத்தனை காலமும் சொல்லிவந்தது பிழை."

நூற்றுக்கு மேல் ஆட்கள் உள்ள குழு. கனநேரம் கழித்துப் பாலேந்திரா மட்டும் கும்பிடுகிற கைப்படம் ஒன்றைப் போட்டார்.

மே 19. திங்கள்

பூக்கூடையை ஷெட்டுக்குள் வைத்துவிட்டேன். தண்ணீர் மட்டும் வார்த்துப் பூசை. இலிங்கம் மொட்டையாக இருக்கிறது. பழகட்டும். எனக்கும் பழகட்டும்.

ஜூலை 20. ஞாயிறு

றோஸ்மலர் இன்னும் என்னோடு கதைப்பதில்லை. ஜெகதீஸ்வரியோடு வழமைபோலக் கதைக்கிறாள். நான் வெளியே வந்தால் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான்.

வேலிப் பலகை ஒன்று கழன்றிருக்கிறது. ஆணி அடிக்கப் போனவன் அடிக்காமல் இடைவெளியால் அவள் வளவைப் பார்த்தபடி நின்றுவிட்டேன். நான் கனடாக் காடு என்று பகிடி பண்ணின இடம்! எக்கினேசியா என்று அவள் சொல்வது, ஊதா இதழைக் கீழே தொங்கவிட்டு நடுவில் முள்ளுக் குமிழோடு நிற்கிறது. பக்கத்தில் பெர்கமொட், கலைந்த தலைமயிர் போலப் பூ, இலையைத் தொட்டால் தேயிலை வாசம் என்று முன்பு ஒருநாள் சொன்னாள், நான்தான் காது கொடுக்கவில்லை. ஒவ்வொரு பூவிலும் ஒரு பெரிய வண்டுத்தேனீ. நான் கண்ணில் எண்ணெய் விட்டுப் பராமரிக்கிற என் ரோஜாவில் ஒன்றுகூட இல்லை.

அந்தக் காய்ந்த தடிகளுக்குள்ளும் உண்மையிலேயே ஏதோ இருந்திருக்கிறது. இன்று பார்த்தேன், துளைகள்.

பலகைக்கு ஆணி அடித்துவிட்டேன். இனி ஒளித்துப் பார்க்கிற பழக்கமும் வேண்டாம்.

செப்டம்பர் 14. ஞாயிறு

அப்பிள் பறிக்க ஏணி வேண்டும் என்று ஜெகதீஸ்வரியிடம் கேட்டிருக்கிறாள். ஏணியை வேலிக்கு மேலால் நீட்டினேன். "தாங்ஸ் அண்ணை." இரண்டு சொல். இரவுச் சாப்பாடு வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 1. புதன். சரஸ்வதி பூசை

வாசலில் மணி. நான்தான் திறந்தேன். றோஸ்மலர், கை நிறைய ஊதா அஸ்டர் பூக்களோடு. கத்தரிக்கோலால் சீராக வெட்டி, நூலால் கட்டியிருந்தாள்.

"இண்டைக்கு உங்கட சரஸ்வதிக்கு எண்டு ஜெகதீஸ் அக்கா சொன்னவ. இதுவும் கனடாவிலை உள்ளதுதான். வெட்ட வெட்டப் பூக்கும்."

என் கை முன்னால் போகவில்லை. அவளே என் கையைப் பிடித்துப் பூவை அதில் வைத்தாள்.

"கேட்டிருந்தால் நான் தந்திருப்பன் அண்ணை. அந்த ஒண்டைத் தவிர எதெண்டாலும் தந்திருப்பன்."

"தெரியும்" என்றேன்.

"கோபம் பூவுக்கு இல்லை. அதிலை குந்தியிருந்து மண்ணைக் கிளறினியளே, அதுக்குத்தான்."

"அதுவும் தெரியும்."

போய்விட்டாள். பூவைச் சரஸ்வதியின் முன்னால் வைத்தேன். நானாக மந்திரம் சொல்லக் கூச்சமாயிருந்தது. ஜெகதீஸ்வரியைச் சொல்லச் சொன்னேன்.

ஜனவரி 25, 2026. ஞாயிறு

அவள் வளவில் இந்த முறையும் காய்ந்த தடிகள் அப்படியே நிற்கின்றன. தங்கச்சிட்டுகள் வந்து எக்கினேசியாக் குமிழ்களைக் கொத்துகின்றன. என் செவ்வந்தித் தடிகளை நானும் வெட்டவில்லை. ஏன் என்று ஜெகதீஸ்வரி கேட்கவில்லை.

மார்ச் 29. ஞாயிறு

குருத்து ஞாயிறாம். கோயிலால் வந்த உடுப்போடேயே றோஸ்மலர் என்னைக் கூப்பிட்டாள். நாளைக்கு ரொறன்ரோ.

போன வருடம் வாசலில் வைத்துச் சொன்னதை இந்த முறை வளவுக்குள் கூட்டிக்கொண்டுபோய், ஒவ்வொரு செடியாகக் காட்டிச் சொன்னாள். ஒரு சொல் விடாமல் கேட்டேன். கடைசியில் அப்பிள் மரத்தடி. உக்கின இலைகளுக்கு நடுவே ஒரு முளையின் மூக்கு, விரல் நகத்தளவு, வெளியே வந்திருந்தது.

எனக்குக் கை தானாகவே கூப்பிக்கொண்டது. அவள் பார்த்தாள். இத்தனை மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள்.

"கும்பிடுங்கோ அண்ணை, வேண்டாம் எண்டேல்லை. கூப்பின கையைப் பிரிக்காமல் கும்பிடுங்கோ."

சாவி இப்போது என் மேசையில் இருக்கிறது.

ஏப்ரல் 14. செவ்வாய். வருடப்பிறப்பு

விடிய எழும்பித் தண்ணீர் விடப் போனேன். விரிந்திருக்கிறது. மூன்று இலை. போன வருடத்தில் பாதியளவுதான், ஒன்று கொஞ்சம் கோணல். நடுவில் மொட்டு இல்லை. இருக்காது என்று தெரியும். இருந்தும் குனிந்து தேடினேன். இன்னும் எத்தனை வருடமோ. அது என்னால்.

படம் எடுத்து அனுப்பினேன். கீழே எழுதினேன்: "பூ இல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அங்கே சாமம். காலையில்தான் பார்ப்பாள் என்று நினைத்துப் பூசைக்கு ஆயத்தம் பண்ணினேன். ஃபோன் உடனேயே அடித்தது. நித்திரை கொள்ளாமல் இருந்திருக்கிறாள்.

"இலை காணும் அண்ணை. இந்த வருசத்துக்கு அது போதும்."

இலிங்கத்துக்குத் தண்ணீர் வார்த்தேன். மிச்சத்தைக் கொண்டுபோய் அப்பிள் மரத்தடியில் ஊற்றினேன், இலையில் படாமல்.